ஸ்டூலுக்கு மாப்பிள்ளை தேடிய படலம்

பெண்ணுக்கு வரன் தேடுவது கஷ்டமா, சொந்தக் கையால் செய்த ஸ்டூலுக்கு ஆள் தேடுவது கஷ்டமா என்று யாராவது பட்டிமன்றம் வைத்தால், இரண்டாவது அணிக்குத் தலைமை தாங்க நான் ரெடி. பெண்ணுக்காவது ஜாதகம் என்று ஒன்று இருக்கிறது. ஸ்டூலுக்கு நாலு கால்தான் இருக்கிறது.

வாரத்தில் ஐந்து நாள் ஆபீஸில் கம்ப்யூட்டரோடு மல்லுக்கட்டுகிற அடியேன், சனி ஞாயிறில் மட்டும் தச்சர் அவதாரம் எடுப்பேன். நங்கநல்லூரில் மூன்றாவது மாடி ஃப்ளாட். மொட்டை மாடியில் தண்ணீர் டாங்க் நிழல்தான் பட்டறை. இழைப்புளி, இரண்டு உளி, கொட்டாப்புளி, ரம்பம், மூலைமட்டம். அவ்வளவுதான் சொத்து. ஆணி அடிக்கிற வேலையே கிடையாது. காலில் துளை போட்டு, குறுக்குச் சட்டத்தின் நாக்கை அதில் இறக்கினால், 'டொக்' என்று ஒரு சத்தம் வரும் பாருங்கள்... இன்க்ரிமென்ட் லெட்டர் கையில் வாங்கும்போதுகூட அந்தச் சந்தோஷம் வந்ததில்லை.

முதல் ஸ்டூல் சமையலறைக்குப் போனது. இரண்டாவது பால்கனிக்கு. மூன்றாவதை மாமனார் வீட்டில் தள்ளிவிட்டேன். ஐந்தாவது ஹாலுக்குள் வந்தபோது மனைவி வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

"ஏங்க, மரத்துக்குப் போற பணம் இனிமே மரத்துலேர்ந்தே வரணும். பையனோட ஸ்கூல் ஃபீஸ்லேர்ந்து வரக் கூடாது."

நியாயமான தீர்ப்பு. அப்பீலுக்கு இடமில்லை. விற்றால்தான் அடுத்த பலகை. இல்லாவிட்டால் உளியைத் துடைத்துப் பரணில் போட வேண்டியதுதான்.

முதலில் விலை. ஒரு கன அடி என்பது 1,728 கன அங்குலம். என் ஸ்டூலுக்கு நாலு கால், மேல் பலகை, சட்டங்கள் எல்லாம் சேர்த்து 400 கன அங்குலத்துக்குக் கொஞ்சம் மேலே. அறுப்பிலும் இழைப்பிலும் கழிவதைக் கூட்டினால் 500-ஐத் தாண்டும். நான் வாங்கிய தேக்கு கன அடி 4,000 ரூபாய். ஆக மரம் மட்டும் 1,200. பசை, உப்புத்தாள், பாலிஷுக்கு 150. வேலை 14 மணி நேரம். 2,500 ரூபாய் என்று விலை வைத்தேன். மணிக்கு 82 ரூபாய் கூலி. இதற்கே நண்பன், "பிளாஸ்டிக் ஸ்டூல் ஐந்நூறுக்குள்ள கிடைக்குதேடா!" என்று வாயைப் பிளந்தான்.

நுங்கம்பாக்கத்தில் ஒரு பெரிய இடத்துக் கடையில் கைவினைச் சாமான் எடுத்துக்கொள்வார்கள் என்று கேள்விப்பட்டு, ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு பழவந்தாங்கலில் எலெக்ட்ரிக் டிரெயின் ஏறினேன். சரியான கூட்டம். பரங்கிமலை வருவதற்குள் ஒரு பெரியவர், "தம்பி, இதுல கொஞ்சம் உக்காந்துக்கவா?" என்றார். சைதாப்பேட்டை வரை ஜம்மென்று உட்கார்ந்து வந்தார். இறங்கும்போது பலகையைத் தட்டிப் பார்த்து, "ஆடவே இல்லியே, நல்ல மரம்" என்றார். அந்த ஸ்டூலுக்கு அன்றைக்குக் கிடைத்த ஒரே வருமானம் அதுதான்.

கடைக்காரர் உட்காரவே இல்லை. இரண்டு விரலால் திருப்பிப் பார்த்துவிட்டு, "வெச்சிட்டுப் போங்க சார். வித்தா எங்களுக்கு 40 பர்சென்ட். விக்கலேன்னா மூணு மாசம் கழிச்சு எடுத்துக்கிட்டுப் போங்க" என்றார். மனக்கணக்கு போட்டேன். 2,500-ல் என் கைக்கு 1,500. செலவு போக மிச்சம் 150. பதினாலு மணி நேரத்துக்கு வகுத்தால், மணிக்குப் பதினோரு ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவு. கல்யாணத் தரகர்கூட இவ்வளவு கேட்க மாட்டார். (அவர் கடைக்கு வாடகை, விளக்கு, ஏ.சி. எல்லாம் இருக்கிறதே என்றும் தோன்றியது. தோன்றி என்ன செய்ய?) ஸ்டூலோடு திரும்பினேன்.

"பூம்புகார்ல கேளேன்" என்றான் ஆபீஸ் நண்பன். அங்கே இருப்பவர்கள் பரம்பரைக் கலைஞர்கள். கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது. அந்த யாளிக்கும் பிள்ளையாருக்கும் நடுவில் என் ஸ்டூல் போய் நின்றால், சாமி சிலை வைக்கிற பீடம் என்று நினைத்துக்கொள்வார்கள்.

சரி, வெளியூருக்கு அனுப்பலாமா? பெங்களூரிலிருந்து ஒருவர் போட்டோ பார்த்துக் கேட்டார். கூரியர் ஆபீஸில் ஒரு பாடம் நடத்தினார்கள். பெட்டியின் நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 5,000-ஆல் வகுப்பார்களாம். அதுவும் நிஜ எடையும், எது அதிகமோ அதற்குத்தான் காசு. ஸ்டூல் நாலரைக் கிலோகூட இல்லை. ஆனால் 35-க்கு 35-க்கு 50 பெட்டி, கணக்கில் பன்னிரண்டே கால் கிலோ! நாலு காலுக்கு நடுவில் இருக்கிற காற்றுக்கும் நான் டிக்கெட் எடுக்க வேண்டும். கழற்றி மாட்டுகிற மாதிரி செய்தால் பெட்டி தட்டையாகிவிடும், வாஸ்தவம். ஆனால் அந்த 'டொக்' போய்விடுமே! ஸ்குரூ டிரைவரோடு குடித்தனம் நடத்த எனக்கு இஷ்டமில்லை.

நவராத்திரிக்கு எங்கள் காலனி அசோசியேஷன் இரண்டு நாள் சந்தை போட்டார்கள். மேஜை வாடகை 500. ஊறுகாய்க்கும் டெரகோட்டா தோடுக்கும் நடுவில் எனக்கு இடம். விற்பனை பூஜ்யம். ஆனால் ஸ்டூல் ஒரு நிமிஷம் காலியாக இல்லை. சுண்டல் வாங்கியவர்கள் எல்லாரும் அதில் உட்கார்ந்துதான் சாப்பிட்டார்கள்.

இரண்டாம் நாள் சாயங்காலம் பி பிளாக் மாமி வந்தார். எழுபது வயசிருக்கும். ஸ்டூலைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"ஏம்ப்பா, இதோட காலை வெட்டித் தருவியா?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பதினாலு மணி நேர உழைப்பாச்சே!

"முட்டி தேஞ்சு போச்சு. தரையில உக்காரப்படாதுன்னு டாக்டர் கண்டிஷனா சொல்லிட்டார். நாற்காலியில உக்காந்தா விளக்கு எங்கேயோ இருக்கு, நான் எங்கேயோ இருக்கேன். ஆறு மாசமா நின்னுண்டே நமஸ்காரம் பண்றேன். பூஜை பண்ணின மாதிரியே இல்லே."

கடைகளில் நாற்காலி எல்லாம் பதினேழு, பதினெட்டு அங்குல உயரம். மணை என்றால் ஒன்றோ இரண்டோ அங்குலம். நடுவில் ஒன்றுமே கிடையாது. மறுநாள் டேப்போடு மாமி வீட்டுக்குப் போனேன். செங்கல்லையும் பலகையையும் அடுக்கி, உட்காரவைத்து, எழுந்திருக்கவைத்துப் பார்த்தோம். பதினோரு அங்குலத்தில் விளக்குத் திரி கைக்கு எட்டியது. எழுந்திருக்கத்தான் சிரமம். அதனால் வலது பக்கம் பிடித்துக்கொள்ள ஒரு கட்டை வைத்தேன். விலை 2,800. மாமி பேரமே பேசவில்லை. நான் செய்ததில் பேரம் பேசாமல் போன முதல் சாமான் அதுதான்.

அதற்கப்புறம் ஏழு ஆர்டர். எல்லாம் நடந்து போகிற தூரம். கூரியரும் இல்லை, கமிஷனும் இல்லை. ஒன்றுக்கு இருக்கிற உயரம் இன்னொன்றுக்கு இல்லை. ஒரு மாமாவுக்கு இடது கைப் பக்கம் கட்டை. ஒரு பாட்டிக்கு அரிவாள்மனை போட்டுக் காய் நறுக்க, இன்னும் இரண்டு அங்குலம் குறைத்து. மரத்துக்குப் போகிற பணம் மரத்திலிருந்தே வருகிறது. மனைவி கணக்கு நோட்டில் எனக்கென்று ஒரு பக்கமே ஒதுக்கியிருக்கிறாள்.

போன வாரம் மாமி லிஃப்டில் மடக்கினார். "எல்லாரும் என்னைப் பார்த்துட்டுதானே உங்கிட்ட வரா? எனக்குக் கமிஷன் கிடையாதா?"

நாற்பது பர்சென்ட் ஞாபகம் வந்து ஒரு நொடி வயிற்றைக் கலக்கியது.

"கோலப்பொடி வெச்சுக்க ஒரு சின்னப் பெட்டி பண்ணிக் குடு, போதும்" என்றார்.

மிச்சத் துண்டுகள் இருந்தன. மூடிக்குத்தான் இன்னும் உப்புத்தாள் போட வேண்டும்.