மறந்துபோன எண்

1993-ஆம் ஆண்டு வெளிவந்த 'ஜுராசிக் பார்க்' திரைப்படத்தில், கணினியால் உருவான தொல்விலங்குகள் நடமாடியதைக் கண்டு உலகம் வியந்தது. அவற்றை உருவாக்க உதவியவை, அமெரிக்காவின் சிலிக்கான் கிராபிக்ஸ் நிறுவனத்தின் கணினிகள். அந்நிறுவனம் 2009-இல் திவாலாயிற்று. ஆயினும், அதன் பழைய கணினிகளைச் செப்பனிட்டு மீண்டும் இயங்கச் செய்வோர் இன்றும் உளர்.

அப்பணியில் நம் உள்ளத்தைத் தொடும் செய்தி ஒன்று உண்டு. அதே 1993-இல் வெளிவந்த 'இண்டி' என்னும் கணினியில், நேரத்தையும் அக்கணினிக்கே உரிய அடையாள எண்ணையும் காத்துவைப்பது ஒரு சிறு சில்லு. அதற்குள்ளேயே மின்கலம் பொதிந்துள்ளதால், அதை எளிதில் மாற்ற இயலாது. ஆண்டுகள் பல கழிந்து மின்கலம் ஓயும்போது, கணினி தன் எண்ணையே மறந்துவிடுகிறது. அக்காலப் படக்கலை மென்பொருள்களின் உரிமமோ பெரும்பாலும் அவ்வெண்ணோடு பிணைக்கப்பட்டது; எண் பொருந்தாவிடில் மென்பொருள் இயங்க மறுக்கும். அது இயங்காவிடில், கலைஞர்கள் இரவும் பகலும் உழைத்து ஆக்கிய கோப்புகள் திறவாத ஏடுகளாகவே கிடக்கும்.

தீர்வு அரிதன்று. புதிய சில்லைப் பொருத்தி, பெட்டியில் ஒட்டியுள்ள சீட்டைப் பார்த்து, பழைய எண்ணை மீண்டும் பதித்தால் போதும். கணினி மறந்ததை அதன் மேனியில் ஒட்டிய சீட்டு மறக்கவில்லை!

நினைவு மங்கிய முதியோரின் படுக்கையருகே நாம் பலமுறை அமர்ந்ததுண்டு. தம் பெயரையே மறந்த தாய்க்கு அதை நாள்தோறும் சொல்லிக்கொண்டிருக்கும் மகளையும் கண்டதுண்டு. இயந்திரத்தைப் போல் அத்தாய் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. ஆனால், அவர் யார் என்பது அழிந்துபோகவில்லை. அது அம்மகளிடம் பத்திரமாக இருக்கிறது. நம் இல்லத்து முதியோரின் நினைவை இன்று காத்துவைத்திருப்பவர் யார்? எண்ணிப் பார்ப்போம்.