சாட்சியைக் கேட்டாயா, தம்பி?

மாலை நேரம். பேருந்து நிலையத்தை அடுத்த தேநீர்க் கடை. சுவரில் மாட்டியிருந்த தொலைக்காட்சிப் பெட்டியில் ஒரு நடிகரின் வழக்கைப் பற்றிய விவாதம்! வழக்கு மன்றத்தின் படிக்கட்டில் அவர் இறங்கி வரும் காட்சியை மீண்டும் மீண்டும் காட்டினார்கள். தலை குனிந்தபோது, "குற்ற உணர்ச்சி" என்றார் ஒருவர். தலை நிமிர்ந்தபோது, "திமிர்" என்றார் இன்னொருவர். குனிந்தாலும் குற்றம், நிமிர்ந்தாலும் குற்றம்!

"முகத்திலேயே எழுதி ஒட்டியிருக்கிறதே, இவன்தான் செய்தான்" என்றேன் நான்.

பக்கத்தில் அமர்ந்திருந்த பெரியவர் தேநீரைக் கீழே வைத்தார். நம் கூட்டங்களில் முன்வரிசையில் காணும் முகம்.

"தம்பி, போன வாரம் மேடையில் பேசியது நீதானே? முகத்தைப் பார்த்துக் குறி சொல்பவனை நம்பாதீர்கள், ஆதாரம் கேளுங்கள் என்றாய். இப்போது முகத்தைப் பார்த்துச் சொன்னது யார்? சாட்சியைக் கேட்டாயா?"

"இல்லை ஐயா" என்றேன். வேறென்ன சொல்ல முடியும்?

அந்தக் கேள்வி என்னோடு வீடுவரை வந்தது. இன்றும் விட்டுப் போகவில்லை. கல்லிடம் ஆதாரம் கேட்கக் கற்ற நாம், காமிராவிடம் கேட்க மறந்தது ஏன்?

தோழர்களே! இந்தத் தவறுக்கு நம் மண்ணில் கொடுக்கப்பட்ட விலை கொஞ்சமல்ல. 1944 நவம்பரில் சென்னையில் லட்சுமிகாந்தன் என்னும் ஏட்டாளர் கத்தியால் குத்தப்பட்டு மாண்டார். திரையுலகத்தாரின் அந்தரங்கத்தை அச்சேற்றி விற்றவர் அவர். அந்த வழக்கில் கைதானவர்களில் இருவர், நாடறிந்த எம்.கே. தியாகராஜ பாகவதரும் என்.எஸ். கிருஷ்ணனும். 'ஹரிதாஸ்' படத்தைக் காணக் கொட்டகையில் கூட்டம் அலைமோதிய காலம். ஜூரிகள் குற்றவாளிகள் என்றனர். 1945-ல் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. உயர்நீதிமன்றத்தில் செய்த முறையீடும் தோற்றது. வழக்கு கடல் கடந்து பிரிவி கவுன்சிலுக்குப் போய்த் திரும்பிய பிறகு, 1947-ல் இருவரும் நிரபராதிகள் என விடுவிக்கப்பட்டனர்.

சிறைக் கதவு திறந்தது. பறிபோன ஆண்டுகள் திரும்பினவா? பாகவதரின் திரைவாழ்வு பழைய உயரத்தை மீண்டும் எட்டவே இல்லை. சிரிக்க வைத்துச் சிந்திக்க வைத்த கிருஷ்ணன் 1957-ல் மறைந்தார். பாகவதர் 1959-ல் மறைந்தார். தொலைக்காட்சி நம் நாட்டுக்கு வராத காலத்திலேயே இந்தக் கொடுமை!

அது வந்த நாட்டில் நடந்ததைக் கேளுங்கள். அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில், 1954-ல், மனைவியைக் கொன்றதாக சாம் ஷெப்பர்டு என்ற மருத்துவர்மீது வழக்கு. "ஏன் இன்னும் கைது செய்யவில்லை?" என்ற பொருளில் ஏடுகள் முதல் பக்கத்தில் முழங்கின. ஜூரிகளின் பெயரும் முகவரியும் அச்சாயின. வழக்கு மன்றத்துக்குள்ளேயே செய்தியாளர்களுக்கு மேசை போடப்பட்டது. 'குற்றவாளி' என்றது தீர்ப்பு. 1966-ல் அந்நாட்டு உச்சநீதிமன்றம் அதைத் தூக்கி எறிந்தது. மறு விசாரணையில் அவர் விடுதலையானார். ஆனால், ஏறத்தாழ பத்தாண்டுகள் சிறையில் கழிந்திருந்தன.

டெக்சாஸ் மாநிலத்தில் பில்லி சோல் எஸ்டிஸ் என்ற செல்வரின் வழக்கு. 1962-ல் நடந்த முன்விசாரணையில் குறைந்தது 12 காமிராக்காரர்கள் மன்றத்துக்குள் நின்றனர். தரையெங்கும் கம்பிகள், நீதிபதியின் மேசையில் ஒலிவாங்கிகள்! 1965-ல் உச்சநீதிமன்றம், நியாயமான விசாரணை கிடைக்கவில்லை என்று அவரது தண்டனையை நீக்கியது. அவர் உத்தமர் என்பதால் அல்ல. குற்றம் சாட்டப்பட்டவர் எவராயினும் அவருக்கு அந்த உரிமை உண்டு என்பதால்.

"அப்படியானால் வழக்கு மன்றத்தின் கதவைச் சாத்திவிடலாமா?" என்று கேட்கிறீர்களா? கூடாது! மூடிய கதவுக்குப் பின்னால் எவருக்கு நீதி கிடைத்தது? வெளிச்சம் வேண்டும் என்று வாதாடியவர்கள் நாம். 2018-ல் நம் உச்சநீதிமன்றம் முக்கிய வழக்குகளின் விசாரணையை நேரடியாக ஒளிபரப்பலாம் எனத் தீர்ப்பளித்தது. 2022 செப்டம்பர் 27-ல் அரசியல் சாசன அமர்வுகளின் விசாரணை ஒளிபரப்பாயிற்று. முன்னேறிய வகுப்பாரில் நலிந்தோருக்கான 10 விழுக்காட்டு ஒதுக்கீட்டு வழக்கும் அவற்றில் ஒன்று. சமூகநீதி பற்றிய வாதத்தை, டில்லிக்குப் போகாமல், வீட்டிலிருந்தே கேட்டேன். மகிழ்ந்தேன்.

ஆனால், அங்கே இருந்தது சட்டம், அதன்மேல் வாதம், கேள்வி கேட்கும் நீதிபதிகள். கொலை வழக்கு அப்படியா? அங்கே நடுங்கும் சாட்சி நிற்கிறார். ஒருவர் சாட்சி சொல்லும்போது அடுத்தவரை வெளியே நிறுத்துகிறார்களே, ஏன்? முந்தியவர் சொன்னதைக் கேட்டுப் பிந்தியவர் தம் சொல்லை மாற்றிக்கொள்ளக் கூடாது என்பதற்காக. காமிரா நுழைந்தால், வெளியே நிறுத்தியவருக்கும் அவரது கைப்பேசி அத்தனையும் சொல்லிவிடுமே! ஊர் பார்க்கிறது என்ற அச்சத்தில், வாய் திறக்கவேண்டிய ஏழைச் சாட்சி வாய் மூடிக்கொண்டால், இழப்பு யாருக்கு?

நீதிபதி எப்படிச் சிந்திக்கிறார் என்பதைக் காட்டுங்கள். அது மக்களின் உரிமை. சாட்சியின் கண்ணீரையும் குற்றம் சாட்டப்பட்டவரின் முகத்தையும் காட்டி விளம்பரம் விற்காதீர்கள், அது வாணிபம். அந்த வாணிபம் நடப்பது யாரால்? கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருக்கும் நம்மால்.

அந்த நடிகர் குற்றவாளியா, நிரபராதியா? எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்ல அன்று எனக்குத் துணிவில்லை, இன்று சொல்கிறேன். தெரியாததைத் தெரியாது என்பதும் பகுத்தறிவுதானே!

மறுவாரம் அதே கடை, அதே பெட்டி, வேறொருவரின் முகம். "இவள்தான் செய்திருப்பாள்" என்றான் எதிரிலிருந்த இளைஞன். பெரியவர் அன்று வரவில்லை. நான் தேநீரைக் கீழே வைத்தேன்.

"சாட்சியைக் கேட்டாயா, தம்பி?"