இரு ஏடுகள், ஒரு பாடம்

தமிழ் கற்பிப்பவனுக்கு லினக்ஸின் உள்ளறைகளில் என்ன வேலை என்று நண்பர்கள் கேட்பதுண்டு. பாடபேதம் பார்க்கும் வேலைதான் என்பேன்.

ஒரு நிரல் கெர்னலுடன் பேசுவதற்கான சொற்களை இரண்டு இடங்கள் வரையறுக்கின்றன: கெர்னல் தரும் தலைப்புக் கோப்புகள், குனூ சி நூலகம் தரும் தலைப்புக் கோப்புகள். தனித்தனியே படித்தால் இரண்டும் பிழையற்றவை. ஒருசேரப் படிக்கும்போதுதான் பிணக்கு. 2022 ஆகஸ்டில் வெளியான நூலகத்தின் 2.36ஆம் பதிப்பில், கோப்பு முறைமைகளை ஏற்றுவதற்கான தலைப்புக் கோப்பு, கெர்னலின் கோப்பில் ஏற்கெனவே இருந்த ஒரு கட்டமைப்பைத் தானும் வரையறுத்தது. இரண்டையும் அழைத்த நிரல்கள் 'மறுவரையறை' என்ற பிழையுடன் தொகுப்பியின் வாசலிலேயே நின்றுபோயின.

எனவே சோதிப்பவர் இரண்டையும் சேர்த்து, முன்பின்னாக மாற்றியும் தொகுத்துப் பார்க்க வேண்டும். அதுவும் போதாது. ஒரே பெயர் ஈரிடத்தும் வெவ்வேறு எண்ணைக் குறித்தால், நூலகத்தின் கோப்பை மட்டும் அழைக்கும் நிரலைத் தொகுப்பி தடுக்காது. கெர்னலுக்குத் தவறான கட்டளை போய்ச்சேரும். இதற்கென்றே நூலகத்தின் சோதனைத் தொகுதியில் சிறு பைதான் நிரல்கள் உண்டு. அவை மாறிலிகளின் மதிப்புகளை ஒவ்வொன்றாக ஒப்பிடுகின்றன. கெர்னல் புதியதாயின் கூடுதல் பெயர்களைப் பொறுத்துக்கொள்கின்றன; ஒரே பெயரின் மதிப்பு மாறியிருந்தால் பொறுப்பதில்லை.

சுவடி ஒப்புநோக்குவோரின் நெறியும் ஏறக்குறைய இதுவே. உரக்கச் சொல்லும் பிழையைத் திருத்திவிடலாம். ஓசையின்றி வேறுபட்ட பாடத்தை, யாரேனும் அமர்ந்து இரண்டு ஏடுகளையும் வரிக்கு வரி ஒப்பிட்டாலொழியக் காண இயலாது. அந்தப் பொறுமையைத்தான் வகுப்பிலும் கற்பிக்க முயல்கிறேன்.