படி எடுக்காத ஏடு

கணிப்பொறி எம் இல்லத்திற்கு வந்த நாள் முதல் அதன் திரையை நாள்தோறும் துடைத்தோம். விசைப்பலகைக்கு உறை தைத்துப் போட்டோம். உள்ளிருந்து உழைக்கும் வன்தட்டைப் பற்றி ஒரு நாளேனும் எண்ணினோம் இல்லை. ஹார்டு டிஸ்க் என எல்லாரும் வழங்கும் அப்பொருளால் 2014 ஆம் ஆண்டு யாம் பட்ட துயரை, எம் அறியாமையையும் மறைக்காது, மாணவச் செல்வங்களுக்காக ஈண்டு எழுதுகின்றோம்.

தூத்துக்குடித் தோணித் தொழிலாளரின் வழக்குச் சொற்களை அப்போது திரட்டி வந்தோம். பாய்த்தோணியில் கொழும்புக்குப் பன்முறை சென்று மீண்ட முதிய தண்டல் ஒருவர் பல நாள்களில் பதினான்கு மணி நேரம் எமக்காகப் பேசினார். கச்சான், கொண்டல், வாடை, சோழகம் எனக் காற்றுகளின் பெயர் சொல்லுங்கால் கையால் திசை காட்டுவார். ஒலிப்பதிவில் கை தெரியாதே என்றால், "ஒங்களுக்குத் தெரிஞ்சாப் போதும், வாத்தியாரையா" என்று நகைப்பார். மறு ஆண்டே அவர் காலமானார். அவர் குரல் எம் வன்தட்டில் மட்டுமே இருந்தது.

ஒரு மாலை, கணிப்பொறியினுள் 'டக், டக்' என்று சீரான ஓசை எழுந்தது. திரையில் எதுவும் தோன்றவில்லை. அணைத்துப் போட்டோம், மீண்டும் அணைத்துப் போட்டோம். அன்றிரவு இருபது முறையேனும் அவ்வாறு செய்திருப்போம். செய்யவே கூடாத செயல் அதுவே என்று பின்னர்தான் அறிந்தோம்.

வன்தட்டினுள் காந்தப் பூச்சுடைய வட்டத் தட்டுகள் சுழல்கின்றன; மேசைக் கணிப்பொறிகளில் நிமிடத்திற்கு 7200 சுற்று என்பது பெருவழக்கு. எழுதிப் படிக்கும் முனை தட்டைத் தொடாமல், சில நானோமீட்டர் உயரத்தில் காற்றின்மேல் மிதந்து செல்லும். ஒரு தலைமயிரின் பருமன் அவ்வுயரத்தைப் போல் பல்லாயிரம் மடங்கு. அம்முனை பழுதுபட்டுத் தடம் காணாது தடுமாறும் ஓசையே யாம் கேட்டது. பழுதுற்ற முனையோடு சுழற்றும் ஒவ்வொரு முறையும் தட்டின் பூச்சு சுரண்டப்படலாம். பூச்சு போனால் எழுத்தும் போயிற்று.

மறுநாள் கடைத்தெருவில் பழுது பார்ப்பவர் ஒருவர், மூடியைத் திறந்தால் தெரிந்துவிடும் என்றார். தலையசைத்தோம். தூசு நீக்கிய தனி அறையில் திறக்க வேண்டிய பொருளை, பேருந்துப் புழுதி பறக்கும் கடையில் திறக்க இசைந்த பிழை எம்முடையதே.

பின்னரே படிக்கத் தொடங்கினோம். கூகுள் நிறுவன ஆய்வாளர்கள் ஒரு லட்சத்திற்கும் மேற்பட்ட வன்தட்டுகளை ஆராய்ந்து 2007 இல் முடிவுகளை வெளியிட்டனர். வன்தட்டு தன் நலத்தைத் தானே கணக்கிடும் 'ஸ்மார்ட்' என்னும் ஏற்பாடு உண்டு. அதில் முதல் படிப்புப் பிழை தென்பட்ட தட்டு, பிழையற்ற தட்டைவிட 60 நாள்களுக்குள் பழுதாகும் வாய்ப்பு 39 மடங்கு மிகுதி எனக் கண்டனர். ஆயின் பழுதான தட்டுகளில் 56 விழுக்காட்டிற்கு மேற்பட்டவை, வலுவான நான்கு அறிகுறிகளுள் ஒன்றையும் காட்டாமலே மாண்டன. எச்சரிக்கை வந்தால் நம்பலாம், வராமையை நம்புதற்கில்லை.

யூ.பி.எஸ். வைப்பதும், ஓடும் கணிப்பொறியை அசைக்காதிருப்பதும், காற்றுத் துளைகளை அடைக்காதிருப்பதும் நல்லனவே, இன்றும் செய்கின்றோம். எனினும் இவை வன்தட்டின் வாழ்நாளை நீட்டலாமேயன்றி, உள்ளிருப்பதைக் காக்கும் என்று உறுதி கூற இயலாது. தட்டற்ற புதுவகை எஸ்.எஸ்.டி.யும் ஓசையின்றித் திடீரென ஓய்வதுண்டு. செல்லரிக்கும் ஓலையைப் புதிய ஓலையில் படி எடுத்தே நம் முன்னோர் நூல்களைக் காத்தனர். சுவடியியலை வகுப்பில் ஆண்டுதோறும் நடத்திய யாமே எம் ஏட்டுக்குப் படி எடுக்கவில்லை!

அந்தப் பதிவில் மூன்று மணி நேரம் மட்டும் மீண்டது. பயிற்சிக்காக எம் பழைய மாணவர் ஒருவர் பென்டிரைவில் வாங்கிச் சென்றிருந்தார். செய்தி கேட்டு ஓடோடி வந்து தந்தார். இன்று அது எம் கணிப்பொறியிலும், மேசையறையில் உள்ள தனி வன்தட்டிலும், வேற்றூரில் வாழும் அம்மாணவர் இல்லத்திலும் இருக்கிறது. ஆறு மாதத்திற்கு ஒருமுறை மூன்றையும் திறந்து கேட்கின்றோம். திறந்து பாராத படி உண்டென்று கொள்வதற்கில்லை.

அம்மூன்று மணி நேரத்தில் தோணியின் உறுப்புகளுக்குரிய பெயர்கள் உள. காற்றுகளைப் பற்றிய பகுதி இல்லை. அந்நான்கு பெயர்களும் எம் குறிப்பேட்டில் உள்ளன. அவர் கை காட்டிய திசைகளும் நினைவில் உள்ளன. ஒவ்வொரு காற்றிலும் பாயை எவ்வாறு திருப்ப வேண்டும் என்று அரைமணி நேரம் சொன்னாரே, அதை யாம் எழுதிவைக்கவில்லை.