நீறு பூத்த நெருப்பு

செஞ்சி வீட்டில் ஆயா ராத்திரி அடுப்பை அணைக்க மாட்டாள். கங்கை ஒதுக்கிச் சாம்பலால் மூடிவிடுவாள். காலையில் கிளறி, ரெண்டு சுள்ளி வைத்து ஊதினால் பிடித்துக்கொள்ளும். "அணைஞ்சிடுச்சுன்னு கைய வெச்சிடாதடா" என்பாள்.

போன பொங்கல் முடிந்து ஊரிலிருந்து திரும்பும்போது, சென்னை விமான நிலையத்தில் என்னைக் கூப்பிட்டுப் பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள். அம்மா கட்டிக்கொடுத்த முறுக்குக்கு அடியில் பவர் பேங்க். "கார்கோவுல தீயணைக்கிற சிஸ்டம் இருக்கும்ல சார்?" என்றேன். இன்ஜினியர் திமிர். அவர் பதில் சொல்லவில்லை. கேட்டில் உட்கார்ந்து நானே தேடிப் படித்தேன்.

ஒருகாலத்தில் பல விமானங்களின் சரக்கு அறையில் தீயணைப்பானே கிடையாது. காற்றுப் புகாமல் மூடினால் தீ தானாகச் சாகும் என்பது கணக்கு. 1996 மே 11 அன்று மயாமியிலிருந்து கிளம்பிய வேலுஜெட் 592இல் அந்தக் கணக்கு தப்பியது. சரக்கில் இருந்தவை ஆக்சிஜன் ஜெனரேட்டர்கள். தீக்கு வேண்டியதை அவையே கொடுத்தன. 110 பேரும் இறந்தார்கள். 1998இல் அமெரிக்கா விதியை மாற்றியது. பயணிகள் விமானத்தின் அந்த அறைகளிலும் தீயைக் கண்டறியும் கருவியும் அடக்கும் அமைப்பும் கட்டாயமாயின.

அடக்குவது பெரும்பாலும் ஹாலான் 1301. ஓசோனைக் கெடுப்பதால் அதன் உற்பத்தியை நிறுத்திவிட்டார்கள். மாற்றாக வரும் எந்த வாயுவும் நான்கு தீக்களைத் தாண்ட வேண்டும்: குவித்த அட்டைப்பெட்டிகள், கன்டெய்னருக்குள் அடுக்கிய பெட்டிகள், தட்டில் எரியும் எரிபொருள், வெடிக்கும் ஸ்ப்ரே டப்பா. முதல் சோதனையில் துண்டுக் காகிதம் அடைத்த 178 பெட்டிகள். ஒன்றைப் பற்றவைத்து, வாயுவைத் திறந்துவிட்டு, வெப்பத்தை அளப்பார்கள்.

நான் எழுதும் டெஸ்ட் பாஸானால் பிரச்சினை தீர்ந்தது என்று வீட்டுக்குக் கிளம்புவேன். இங்கே பாஸ் என்றால் தீ அணைந்தது என்றில்லை. வெப்பம் எல்லை தாண்டவில்லை, அவ்வளவுதான். பெட்டிக்குள் நெருப்பு நீறு பூத்துக் கிடக்கலாம். தரையிறங்கும்வரை அதைக் கிளம்பாமல் வைத்திருப்பதே வேலை.

லித்தியம் பேட்டரியில் இன்னும் சிக்கல். ஹாலான் சுவாலையை அடக்கும்; செல்லுக்குள் ஏறும் சூட்டை நிறுத்தாது. ஒரு செல் அடுத்ததைச் சுட்டுக்கொண்டே போகும். கைப்பையில் இருந்தால் யாராவது பார்த்துத் தண்ணீர் ஊற்றுவார்கள். முறுக்குக்கு அடியில் யார் பார்ப்பது?

சிஸ்டம் இருக்கத்தான் செய்கிறது சார். ஆயாவின் சாம்பல் மாதிரி. அதை நம்பி நூறு பேருக்குக் கீழே கங்கை வைக்கப் பார்த்தவன் நான்.