இருபத்து மூன்று சென்டிமீட்டர்

"ஏல, குதிச்சுக் காலை ஒடிச்சுக்கிட்டா பரீட்சைய யாருல எழுதுவா?" என்று பீடித்தட்டிலிருந்து தலை நிமிராமலே அம்மா கேட்டாள். உயரம் தாண்டும் போட்டிக்குப் போக நூறு ரூபாய் கேட்டிருந்தேன். மறுநாள் இயற்பியல் செய்முறைத் தேர்வு. எங்கள் வீட்டிலிருந்து கல்லூரிப் படி மிதித்த முதல் ஆள் நான். அவள் கேட்டதில் தவறில்லை.

சேரன்மகாதேவிக்காரனுக்குத் தாண்டுவது புதிதன்று. வாழைத்தோட்டத்து வாய்க்கால்களைத் தாண்டித்தான் பள்ளிக்குப் போனேன். ஆனால் அகலத்தைத் தாண்டுவது வேறு, உயரத்தைத் தாண்டுவது வேறு. ஓராண்டாக 1.65 மீட்டரிலேயே நின்றுபோனேன். விட்டுவிடலாம் என்றிருந்தபோதுதான் உடற்கல்வி ஆசிரியர் ஒரு பெயரைச் சொன்னார்: நாகலிங்கம் எதிர்வீரசிங்கம்.

யாழ்ப்பாணத்துத் தமிழர். 1934இல் பிறந்தவர். யாழ்ப்பாணம் மத்திய கல்லூரி மாணவர். 1952இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் இலங்கைக்காகக் களமிறங்கியபோது அவருக்குப் பதினெட்டு வயது நிறையவில்லை. தாண்டியது 1.80 மீட்டர். அன்று தங்கம் வென்ற அமெரிக்கர் வால்ட் டேவிஸ் தாண்டியதோ 2.04. நானாயிருந்தால் திரும்பும் வழியிலேயே காலணியைக் கடலில் வீசியிருப்பேன்!

அவர் வீசவில்லை. லாஸ் ஏஞ்சல்ஸில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் படித்தார்; தாண்டவும் செய்தார். 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கிலும் பதக்கமில்லை. 1958இல் டோக்கியோ ஆசிய விளையாட்டில் 2.03 மீட்டர் தாண்டித் தங்கம் வென்றார். அவ்விளையாட்டில் இலங்கைக்கு அதுவே முதல் தங்கம். ஹெல்சிங்கித் தங்கத்துக்கு ஒரே ஒரு சென்டிமீட்டர்தான் குறைவு! 1962இல் ஜகார்த்தாவில் வெள்ளி.

ஆறாண்டுகளில் 23 சென்டிமீட்டர். ஆய்வுக்கூடத்து அளவுகோலில் வைத்துப் பார்த்தேன், தோழர்களே. ஏறக்குறைய ஒரு சாண். முதுகைக் கம்பிப் பக்கம் திருப்பித் தாண்டும் பாஸ்பரியின் முறையை 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில்தான் உலகம் கண்டு வியந்தது. இவர் காலத்திலோ மெத்தை கிடையாது. மணலில் முதுகடிபட விழ யார் துணிவார்? தாமிரபரணி மணலில் விழுந்து பழகிய எனக்கு அது நன்றாகவே தெரியும்.

பின்னர் அவர் கார்னெல் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டமும் பெற்றார். 2024 ஏப்ரலில் மறைந்தார்.

இவ்வளவையும் அம்மாவிடம் சொன்னேன். இலை வெட்டும் கத்தரி சற்று நின்றது.

"அவ்வளவு குதிச்சும் டாக்டருக்குப் படிச்சிருக்காராக்கும்?"

"வைத்தியம் பார்க்கிற டாக்டர் இல்லம்மா."

"எதுவா இருந்தா என்னல" என்று சுருக்குப்பையை அவிழ்த்தாள்.

பாளையங்கோட்டை அண்ணா விளையாட்டரங்கில் 1.68 தாண்டினேன். நான்காம் இடம், பரிசில்லை. மறுநாள் நிறமாலைமானி முன் வீங்கிய கணுக்காலோடு மூன்று மணி நேரம் நின்றேன். அம்மாவிடம் காலைக் காட்டவில்லை.