அப்பாவின் சம்பான்

ஆற்றோரத் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குச் சம்பானைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. பெர்ணாம் ஆற்றங்கரையில் நாங்கள் இருந்த காலத்தில், பால் வெட்டி முடித்த பிறகு அப்பா வலைபோடப் போவது அந்தப் பன்னிரண்டு அடிச் சம்பானில்தான். மாதக் கடைசியில் எங்கள் வீட்டுக் குழம்பில் மீன் கிடந்தது என்றால் அது அதன் புண்ணியம்.

2019-இல் அது என் வீட்டுக் கொட்டகையில் கிடந்தது. அப்பாவுக்குக் கண் மங்கிவிட்டது. ஒருநாள் சம்பானின் ஓரத்தைத் தடவிக்கொண்டே போனவர், "இங்க உளுத்துப் போச்சுடா" என்றார். விரலில் சிராய் ஏறி ரத்தம். மேல்ஓரத்தைச் சுற்றி ஓடும் மரச்சட்டம் அது. கரையில் இடிக்கும்போது அடியை வாங்கிக்கொள்வதும், பக்கப் பலகைகள் விரியாமல் பிடித்து நிறுத்துவதும் அதுதான்.

"மாத்திடு. இன்னொரு தடவை ஆத்துல உட்காரணும்."

மரக்கடையில் முக்கால் அங்குல மெராந்திச் சட்டம் வாங்கி வந்து, ஒரு முனையைக் கட்டிவிட்டு, பலங்கொண்ட மட்டும் வளைத்தேன். படீர்! இரண்டாவதும் அப்படியே. காசு போனதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். அப்பா வாசலில் உட்கார்ந்து அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாரே, அதைத்தான் தாங்க முடியவில்லை.

பக்கத்துக் கம்பத்து மலாய்ப் பெரியவர், படகுத் தச்சர், முறிந்த துண்டைப் பார்த்துச் சிரித்தார். சூளையில் காய்ந்த மரம் லேசில் வளையாதாம். அதிலும் ரேகை பாதியில் ஓரத்துக்கு ஓடியிருந்தால் அந்த இடத்தில் முறியுமாம். முனைக்கு முனை ரேகை நேராக ஓடும் பச்சை மரம் கொண்டுவா என்றார். தேட இரண்டு வாரம் பிடித்தது.

பலகையால் நீளப் பெட்டி செய்து, தண்ணீர் கொதிக்கும் டின்னிலிருந்து குழாய்வழி ஆவியை உள்ளே விட்டோம். பெட்டி வாயில் சாக்கைத் தொங்கவிட்டோம். இறுக அடைத்துவிடாதீர்கள், வெடித்துவிடும்! ஓர் அங்குலக் கனத்துக்கு ஒரு மணி நேரம் என்பது தச்சர் கணக்கு. எங்களுக்கு முக்கால் மணி. சோற்றுக்குப் பார்ப்பதுபோல் என் மனைவி கடிகாரம் பார்த்தாள். வெளியே எடுத்த ஒரு நிமிடத்துக்குள் வளைத்தாக வேண்டும். ஆறினால் மறுபடி பழைய கட்டைதான். கனத்த கையுறையோடு முன்முனையில் தொடங்கினேன். "பெலான், பெலான்" என்று பாக் சிக் சொல்லச் சொல்ல, ஒவ்வொரு கிளாம்ப்பாக முடுக்கிக்கொண்டே போனோம். மரம் முனகக்கூட இல்லை.

மறுநாள் வரை கிளாம்ப்பைத் தொடவில்லை. பிறகு துளையிட்டுப் பித்தளைத் திருகாணி போட்டோம். இரும்பு துருவேறி மரத்தையும் கெடுக்கும்.

அப்பா வந்து தடவிப் பார்த்தார். முன்முனையில், இரண்டு சட்டமும் சேரும் இடத்தில் விரல் நின்றது.

"ஒரு நூல் விட்டிருக்கு."

விட்டுத்தான் இருந்தது. அதை அடைத்த மறு ஞாயிற்றுக்கிழமை அவரைச் சம்பானில் உட்கார வைத்தேன். துடுப்பை என்னிடம் கொடுக்க மறுத்துவிட்டார்.